கம்பெனி ஆள் இல்லை

நேற்று நீ போனில் பேசியபோது, பதில் பேசினால் வார்த்தை தடித்துவிடும் என்று பயந்து, அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, நானும் அழுது விஷயத்தைக் குழப்ப மாட்டேன், அதனால் எழுதுகிறேன். குஜராத்துக்கு மாற்றல் வந்துவிட்டது, இங்கே ஆலையில் இருப்பதைவிடப் பெரிய குவார்ட்டர்ஸ் அங்கே கொடுக்கிறார்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் ஒன்று சொன்னாய். "கோவத்தையெல்லாம் வுட்டுட்டு எங்களோட வந்துடும்மா. அரியலூர்ல ஒண்டியா ஒக்காந்து என்ன பண்ணப் போற? கொழந்தைக்கும் எங்களுக்கும் ஒரு கம்பெனியா இருக்கும்." நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். ஆனால் கம்பெனி என்ற அந்தச் சொல் உன் வாயிலிருந்து வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏன் எரிந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பணி ஓய்வு பெறும்வரை இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவள் நான். கம்பெனி என்ற சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்று ஒருமுறை எட்டாம் வகுப்பில் சொன்னேன். ஏறக்குறைய எல்லாரும் சிமெண்ட் ஆலையைத்தான் எழுதினார்கள். என் அப்பா கம்பெனிக்குப் போகிறார். கம்பெனி எங்கள் நிலத்தை வாங்கியது. ஒரு பெண் குழந்தை, கம்பெனித் தூசி எங்கள் வீட்டுக்குள் இருக்கிறது என்று எழுதியிருந்தாள். அவர்கள் மேல் தப்பில்லை. அரியலூரில் கம்பெனி என்றால் வேறு என்ன? புகைபோக்கி, லாரி, சங்கு, அவ்வளவுதான். ஆனால் பாடத்தில் இருந்தது வேறு அர்த்தம், கூட இருக்கும் நல்ல மனிதரின் துணை. அதைப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியாமல், பள்ளிக்கூட நூலகத்திலிருந்த தடித்த அகராதியை எடுத்துப் பார்த்தேன்.

லத்தீன் மொழியில் கோம் என்றால் கூட, சேர்ந்து. பானிஸ் என்றால் ரொட்டி. கூட உட்கார்ந்து ஒரே ரொட்டியைத் தின்கிறவன் கோம்பானியோ. அதற்கும் முன்னால் ஜெர்மானியப் பழைய மொழி ஒன்றில் இதே மாதிரி ஒரு சொல் இருந்ததாம், அதைப் பார்த்து லத்தீன்காரர்கள் செய்திருக்கலாம் என்கிறார்கள். அது பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்து, கூட்டாளிகளைக் குறித்தது. பிறகு சேர்ந்து போகும் சிப்பாய்க் கூட்டத்தை, பிறகு சேர்ந்து வியாபாரம் பண்ணுகிறவர்களை. கப்பலேறி நம்மிடம் வந்து நம்மையே ஆண்டவர்களும் அந்தப் பெயரோடுதான் வந்தார்கள். வருகிற வழியில் ரொட்டியை எங்கேயோ போட்டுவிட்டார்கள், பெயரை மட்டும் விடவில்லை. அன்றைக்கு நான் வகுப்பில் போய், "ஒண்ணா சோறு திங்கிறவங்கதான் கம்பெனி" என்று சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தச் சொல்லின் அர்த்தத்தை அகராதி பார்க்காமலே தெரிந்துவைத்திருந்தவர் ஒருத்தர் நம் வீட்டில் இருந்தார். உன் அப்பாவின் தம்பி, உன் சித்தப்பா. நீ எட்டாவது படிக்கும்போது உன் அப்பா நெஞ்சுவலியில் போனார். அதற்குப் பிறகு உன் அப்பா பங்கு நிலத்தையும் தன் பங்கையும் சேர்த்து அவர்தான் பருத்தி போட்டார், சோளம் போட்டார், மூட்டைகளில் பாதியை நம் வீட்டில் முதலில் இறக்கிவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவார். அதெல்லாம் உனக்குத் தெரியும். ஒன்றை மட்டும் நீ மறந்திருப்பாய். பெரம்பலூரில் நீ இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கும்போது உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. பரீட்சை நேரம், ஊருக்கு வரமாட்டேன் என்று ஹாஸ்டலிலேயே கிடந்தாய். எனக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு கிடைக்கவில்லை. தினமும் காலை பஸ்ஸில் சித்தப்பா பெரம்பலூர் போனார். கீழாநெல்லி அரைத்த மோர் ஒரு பாத்திரத்தில், உப்பில்லாத ரசஞ்சோறு ஒரு தூக்கில். தூக்கு ஏன் அவ்வளவு பெரிசாக இருக்கிறது என்று நான் கேட்டேன். "உப்பில்லாம அவன் எப்படிண்ணி திம்பான்? மூஞ்சிய சுளிக்கிறான். எதிர்ல ஒருத்தன் அதையே தின்னா அவனும் தின்னுடுவான்" என்றார். நீ குணமாகும்வரை அவரும் மத்தியானம் உப்பில்லாத சோறுதான் தின்றார், உன் கட்டிலுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து. நீ தேறிவிட்டாய். அவர்தான் பாதியாக இளைத்துப்போனார், காமாலை வந்தது அவருக்குத்தான் என்று மல்லிகா சித்தி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

நீ படித்து முடித்த வருஷம் சுண்ணாம்புக்கல் எடுக்க நம் நிலத்தைக் கேட்டார்கள். சுற்றிலும் எல்லாரும் கொடுத்தாகிவிட்டது, நடுவில் நாம் மட்டும் என்ன பண்ணுவது? கொடுத்தோம். நிலம் கொடுத்த குடும்பத்துக்கு ஒரு வேலை என்றார்கள். அண்ணன் தம்பி இரண்டு பங்கும் ஒரே பட்டாவில் இருந்ததால் ஒரே வேலைதான் என்றும் சொல்லிவிட்டார்கள். சித்தப்பா பத்தாவது பாஸ். அவருக்குக் கொடுத்திருந்தால் நிரந்தர வேலை, சாகும்வரை கவலையில்லை. ஆபீஸில் அந்த மேஜைக்கு முன்னால் நாம் மூன்று பேரும் நின்றிருந்தோம். அந்த அதிகாரி, "யார் பேருக்கு?" என்று கேட்டு முடிக்கவில்லை, சித்தப்பா உன் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "பையன் பேருக்குப் போடுங்க சார். நான் மம்பட்டி புடிச்சவன், எனக்கு எங்க போனாலும் வேல இருக்கு." வெளியே வந்ததும் நான் அழுதுவிட்டேன். "இதுக்கு ஏண்ணி அழுவுறீங்க? ஒரே வூட்டுச் சோறு. அவன் சம்பாரிச்சா என்ன, நான் சம்பாரிச்சா என்ன?" என்றார். நிலம் போன பிறகு மண்வெட்டிக்கு எங்கே வேலை இருந்தது? அதே ஆலையில் ஒரு கான்ட்ராக்டரிடம் மூட்டை ஏற்றும் ஆளாகச் சேர்ந்தார். நீ முன்வாசல் வழியாக உள்ளே போனாய், அவர் பின்வாசல் வழியாகப் போனார்.

நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேன்டீனைப் பற்றி வாய் ஓயாமல் சொல்வாய். தட்டு எப்படிப் பளபளக்கும், வெள்ளிக்கிழமை என்ன இனிப்பு, எல்லாம். சித்தப்பாவும் உன்னோடு சாப்பிடுகிறாரா என்று கேட்டேன். "அவங்கள்லாம் ஷெட்டுக்குப் பின்னாடி, கொண்டாந்தத சாப்புடுவாங்கம்மா. கேன்டீன் கம்பெனி ஆளுங்களுக்கு" என்றாய். சரி, ஒருநாளாவது நீ டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய் அவரோடு உட்காரலாமே என்றேன். "ஆபீசரு அங்க போயி ஒக்காந்தா நல்லா இருக்காதும்மா. அவருக்கே கூச்சமா இருக்கும்" என்றாய். அவருக்கா உனக்கா என்று கேட்கவில்லை. எனக்குத்தான் பதில் தெரியுமே.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து முழுசாகப் பேசவே இல்லை. நீ பேசவிடவில்லை. இப்போது படி. அன்று அவருக்கு வார விடுமுறை. அவரும் மல்லிகாவும் நம் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். முருங்கைக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தேன். பாதிச் சாப்பாட்டில் அவருக்குப் போன் வந்தது. அவருடைய போனில் காதில் வைத்தால் கேட்காது, எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். கான்ட்ராக்டரின் மேஸ்திரி பேசினது எனக்கும் மல்லிகாவுக்கும் தெளிவாகக் கேட்டது. சரக்கு ரயில் வந்து நிற்கிறது, ஆள் பத்தவில்லை, உடனே வா. "இன்னிக்கு எனக்கு லீவுங்க, சாப்புட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார் சித்தப்பா. "பேரெல்லாம் அப்புறம் எழுதிக்கலாம்யா. பின்பக்க கேட்ல சொல்லிட்டேன், வந்து சேரு. வரலன்னா நாளைக்கும் வராத" என்றான் அவன். மோர் ஊற்றுவதற்குக் கையில் எடுத்தேன். "வந்து ஊத்திக்கிறேண்ணி" என்று எழுந்து கை கழுவினார். பொழுது சாய்வதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்துவிட்டது. அடுக்கியிருந்த மூட்டை சரிந்து இடுப்பில் விழுந்திருக்கிறது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உன்னைப் பார்த்ததும், என் காதால் கேட்டதை அப்படியே உன்னிடம் சொன்னேன். மேஸ்திரி கூப்பிட்டான், லீவு என்றவரை மிரட்டிக் கூப்பிட்டான் என்று. நீ என்னைத் தனியாக அழைத்துப்போய், "அம்மா, இத யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத. ரிஜிஸ்டர்ல அவர் பேரே இல்ல" என்றாய். பேர் இல்லையென்றால் அவர் இடுப்பு ஒடியவில்லையா என்று கேட்டேன். "ஒனக்குப் புரியாது" என்றாய். இரண்டு வாரம் கழித்து, இழப்பீடு கேட்டு மல்லிகா கொடுத்த மனுவுக்குப் பணியாளர் அதிகாரி என்ற முறையில் நீ கொடுத்த பதிலை அவள் எடுத்துக்கொண்டு வந்து என்னைப் படித்துச் சொல்லச் சொன்னாள். மேற்படி நபரை அன்று யாரும் வேலைக்கு அழைக்கவில்லை. அனுமதியின்றி சொந்தக் காரணத்துக்காக உள்ளே நுழைந்தார். மேற்படி நபர் கம்பெனி ஆள் இல்லை. நான் உனக்குக் கற்றுக்கொடுத்த இங்கிலீஷ் அது. ஒரு பிழை இல்லை. அதை நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது, புருஷன் எழுந்து நடக்கமாட்டான் என்று அன்று காலையில்தான் டாக்டர் வாயால் கேட்டிருந்தவளிடம். மல்லிகா அழவில்லை. "மேற்படி நபர்னா யாருக்கா, எங்க வூட்டுக்காரரா?" என்றாள். ஆமாம் என்றேன். "சித்தப்பான்னு எழுத எடம் இல்லையாமா?" என்று கேட்டாள்.

ஒரு வக்கீலைப் பிடித்து அவள்தான் வழக்குப் போட்டாள். போன் பண்ணினேன், ஆனால் வேலைக்குக் கூப்பிடவே இல்லை என்று மேஸ்திரி சாதித்தான். கேட்டவர்கள் இரண்டே பேர், மனைவி சொன்னால் எடுபடாது, அண்ணி வந்து சொன்னால் நல்லது என்று வக்கீல் என்னிடம் வந்தார். கட்டிலில் கிடந்த சித்தப்பா பதறினார். "வேணாண்ணி. நீங்க போயி சொன்னா பையன் வேலைக்கு ஆபத்து வந்துடும். எனக்கு ஆனது ஆச்சு." மல்லிகா அன்றுதான் அவரிடம் சத்தம் போட்டாள். "பையன் பையன்னுதான் நெலத்தோட வேலையையும் தூக்கிக் குடுத்துட்டு இப்படி கெடக்க. அக்கா வரட்டும்." நான் வருகிறேன் என்று முன்பே முடிவு பண்ணியிருந்தேன். உனக்கும் போன் பண்ணிச் சொன்னேன், உன் பின்னால் ஒன்றும் செய்யவில்லை. நீ போனைக் கட் பண்ணினாய்.

திருச்சியில் விசாரணை நடந்த அன்று நீ பின்வரிசையில் கம்பெனி வக்கீலின் ஆட்களோடு உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்க்காமல் போனைத் தடவிக்கொண்டே இருந்தாய். நடந்ததை நடந்தபடி சொன்னேன். உங்கள் வக்கீல் எழுந்து மரியாதையாகத்தான் கேட்டார். "அம்மா, நீங்க டீச்சரா இருந்தவங்க. கம்பெனி சார்பா அறிக்கை குடுத்தது உங்க சொந்த மகன்னு தெரியும்ல?" தெரியும் என்றேன். "அப்ப உங்க மகன் பொய் சொல்றார்னு சொல்றீங்களா?" நீ தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாய், அன்று முதல் தடவையாக. சின்ன வயதில் ஏதாவது உடைத்துவிட்டால் அப்பாவிடம் சொல்லாதே என்று கண்ணாலேயே கெஞ்சுவாயே, அதே பார்வை. அந்தப் பார்வைக்கு நான் எத்தனையோ முறை இளகியிருக்கிறேன். "ஆமா சார், பொய்தான் சொல்றான்" என்றேன். வயிற்றில் சுமந்தவள் சபையில் நின்று சொல்கிற வார்த்தையா அது? சொல்ல வைத்தது நீ. மத்தியானம் சாப்பாட்டுக்கு விட்டார்கள். நீ அவர்களோடு காரில் ஏறிப் போய்விட்டாய். நானும் மல்லிகாவும் சித்தப்பாவை ஆட்டோவிலிருந்து இறக்க முடியாமல், ஒரு மெஸ் வாசலில் வண்டியை நிறுத்தி, உள்ளேயிருந்து பொட்டலம் வாங்கிவந்து ஆட்டோவுக்குள்ளேயே மூன்று பேரும் தின்றோம். "பையன் சாப்ட்டிருப்பானா?" என்று அவர் கேட்டார். எனக்கு அந்த மனுஷன் மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. அவர் வேலைக்குக் கூப்பிடப்பட்டுத்தான் போனார், கம்பெனி இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதை வைத்து அவருக்கு வைத்தியம் நடக்கிறது, சக்கர நாற்காலி வந்திருக்கிறது, நடை மட்டும் வரவில்லை. தீர்ப்பு வந்த அன்று சாயங்காலம் நீ போன் பண்ணி, "ஒன்னால என்னைய எங்கயோ தூக்கிப் போடப் போறாங்க, சந்தோஷமா?" என்று கத்தினாய். தூக்கிப் போடவில்லை, உயர்த்தித்தான் அனுப்புகிறார்கள். உன்னை மாதிரி ஒருத்தன் எந்தக் கம்பெனிக்கும் வேண்டும் என்று இப்போது புரிகிறது. இது கசப்பாகத்தான் இருக்கும். இனிப்பாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

புத்தி சொல்லாமல் அம்மாவால் கடிதம் எழுத முடியாது, அதனால் கேள். அங்கேயும் உனக்குக் கீழே ஆயிரம் பேர் வேலை செய்வார்கள். அவர்களிலும் மேற்படி நபர்கள் இருப்பார்கள். அவர்கள் யார் வீட்டிலோ பாதிச் சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்தவர்களாக இருப்பார்கள். அவர்களைப் பற்றி ஏதாவது எழுத நேர்ந்தால், எழுதுவதற்கு முன்னால் ஒருமுறை அவர்கள் சாப்பிடுகிற இடத்துக்குப் போய் உட்கார். உட்கார்ந்து, அவர்கள் கொடுப்பதை வாங்கித் தின்றுவிட்டு, அப்புறம் ஆபீஸுக்கு வந்து உனக்குக் கை வந்தால் எழுது. பதவியை விடச் சொல்லவில்லை. உன் குழந்தைக்குப் பால் வாங்க அது வேண்டும். ஆனால் தனியாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டுப் பழகாதே. அப்படிப் பழகினவனுக்கு அடுத்தவன் பசி ஒரு ரிஜிஸ்டர் விஷயமாகத்தான் தெரியும். பெண்டாட்டி கேட்டால் உண்மையைச் சொல். அவள் என்னிடம் நல்ல மாதிரிதான் பேசுகிறாள், சித்தப்பாவுக்கு என்ன ஆனது என்று மட்டும் அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஏதோ விபத்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்தபிறகும் உன் முகத்தைப் பார்த்துச் சோறு போட்டால், நீ அதிர்ஷ்டக்காரன்.

நான் வரவில்லை. கோபத்தில் சொல்லவில்லை, கோபம் தீர்ந்து வெறும் சாம்பலாகக் கிடக்கிறது. பேரப்பிள்ளையைத் தூக்க வேண்டும் என்று கை பரபரக்கத்தான் செய்கிறது, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே ஒரு மேஜையில் உன் எதிரில் உட்கார்ந்து தினம் சாப்பிட வேண்டும். அது என்னால் ஆகாது. இங்கே மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு நான் மல்லிகா வீட்டுக்குப் போய்விடுகிறேன். அவளும் ஒன்று செய்திருப்பாள், நானும் ஒன்று செய்திருப்பேன். அவர் இரண்டையும் குறை சொல்லிக்கொண்டே தின்பார். நான் ஒண்டியாக இல்லை.

நீ ரயில் ஏறும் அன்று நான் ஸ்டேஷனுக்கும் வரமாட்டேன். ஆனால் உன் சித்தப்பா வருகிறார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. "அவ்ளோ தூரம் போறான் அண்ணி. கொழந்த மொகத்த நான் இன்னும் பாக்கவே இல்ல. ஒரு தடவ பாத்துட்டு வந்துடுறேன்" என்கிறார். மல்லிகா திட்டிக்கொண்டே ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டாள். பிளாட்பாரத்தில் சக்கர நாற்காலியில் காத்திருப்பார். உன்னிடம் அவர் எதுவும் கேட்க மாட்டார், பயப்படாதே. குழந்தையைத்தான் கேட்பார், இரண்டு கையையும் நீட்டுவார். அவரால் எழுந்து நிற்க முடியாது. பிள்ளையை அவர் மடியில் வைக்க வேண்டுமென்றால் நீதான் குனிய வேண்டும்.